காய்ந்தது போலத் தெரியும் சுவர்

டிசம்பர் 9, 2023, வேளச்சேரி

மிக்ஜாம் புயல் மழையில் வீட்டுக்குள் வந்த தண்ணீர் வடிந்துவிட்டது. தரையைக் கழுவித் துடைத்தாயிற்று. "பொங்கலுக்குள்ள பெயின்ட் அடிச்சிடலாம்பா" என்கிறார் அம்மா. எனக்கு மனசு ஒப்பவில்லை. தண்ணீர் நின்ற கோடு முழங்கால் உயரத்தில் இருக்கிறது. ஆனால் செங்கல் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும், ஓதம் அந்தக் கோட்டோடு நிற்காது. பீரோவை நகர்த்திப் பார்த்தேன். கோட்டுக்கு ஒரு சாண் மேலே வரை சுவர் கருத்துச் சில்லென்று இருந்தது. பீரோ முதுகுப் பலகையில் பூஞ்சைப் புள்ளிகள்.

டிசம்பர் 11

எலக்ட்ரீஷியன் வந்தார். ஹாலில் தாழ்வாக இருக்கும் பிளக் பாயின்டைக் கழற்றினார். வெளியே சுவர் தொட்டால் காய்ந்திருக்கிறது. பெட்டிக்குள்ளே முத்து முத்தாகத் தண்ணீர், திருகெல்லாம் துரு. வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் கருவியை வைத்துப் பார்த்ததில் அந்த லைன் தேறவில்லை. அதை மட்டும் துண்டித்துவிட்டு, மற்றதற்குக் கரன்ட் கொடுத்தார்.

டிசம்பர் 15

ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலித்தீன் ஷீட் வெட்டி, நாலு ஓரமும் டேப் ஒட்டி, நேற்று காலை முதல் சுவர்களில் விட்டிருந்தேன். ஷீட்டின் உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றிலிருந்து. ஹாலில் உள்பக்கம்தான். அது தெரிந்ததுதான். சமையலறைச் சுவரில் தோள் உயரத்தில் ஒட்டியதிலும் உள்பக்கம் வியர்த்திருக்கிறது! வெள்ளம் அவ்வளவு உயரம் வரவே இல்லையே.

டிசம்பர் 28

ஈரப்பத மீட்டர் வாங்கியிருந்தேன், இரண்டு ஊசி உள்ளது. மின்தடையை வைத்துத்தான் ஈரத்தைச் சொல்கிறது. மரத்துக்காக அளவு போட்ட கருவி. அதனால் சுவரில் காட்டும் எண்ணைச் சதவீதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உப்பு பூத்த இடத்திலும் கூடுதலாகக் காட்டும். மாடியில் நனையாத சுவரில் என்ன காட்டுகிறதோ அதுதான் நமக்கு அளவுகோல். பென்சிலால் குறியிட்ட அதே இடங்களில் தொடர்ந்து பார்த்ததில், ஹாலில் எண் மெல்ல இறங்குகிறது. சமையலறைச் சுவர் மட்டும் அசையவில்லை. வெள்ளத்தில் நனைந்த சுவர் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்காத சுவருக்கு வேறு எங்கிருந்தோ தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை.

ஜனவரி 4, 2024

பிளம்பர் குளியலறை டைல் ஒன்றைப் பெயர்த்தார். உள்ளே போகும் குழாய் வளையும் இடத்து இணைப்பான எல்போவில் சொட்டுச் சொட்டாகக் கசிவு. புயலுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். எல்போவை மாற்றியாயிற்று.

ஜனவரி 12

ஹாலில் கொத்தனாரை வைத்து இடுப்பளவுக்குப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டோம். செங்கலுக்குக் காற்று படட்டும். ஈரத்தோடு பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்குள் பொரிந்து உதிரும், காசும் போகும். அம்மா சரி என்றார். மாடி அளவுக்கு எண் இறங்கும்வரை இரண்டு ஃபேன் ஓடும், பெயின்டர் காத்திருப்பார்.