கச்சான் காற்றும் நெடுந்தூர நீச்சலும்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடலை 1971ஆம் ஆண்டில் போய்த் திரும்பி நீந்திக் கடந்த ஆழிக்குமரன் ஆனந்தனைப் பற்றி அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்த நான், அதில் ஒரு வழியையேனும் கடந்துவிட வேண்டும் என்ற ஆசையுடன் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவில் பயிற்சி செய்து வருகிறேன்.

வாடைக்காலத்தில் எங்கள் கடல் நீந்த இடம் தருவதில்லை; சித்திரை முதல் புரட்டாதி வரையான மாதங்களே எனக்கு வாய்த்தவை. ஆனால் அம்மாதங்களில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் கச்சான் காற்றை நான் தொடக்கத்தில் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். கரையோரத்தில் கடல் அலையின்றித் தட்டையாகக் கிடக்கும், போகும்போது உடல் இலேசாக முன்னேறும். திரும்பும்போதுதான், எவ்வளவு கை வீசினாலும் கரை நெருங்காமல் நிற்பதும் தோள்கள் கனப்பதும் தெரியவரும். ஆகையால் இப்போது காற்று பலக்குமுன், விடியற்காலையிலேயே இறங்கிக் கரைக்கு இணையாகவே நீந்துகிறேன்.

மீன்பிடிக்கும் மாமா தோணியில் கூடவே வருவார். அரை மணிக்கு ஒருமுறை அவர் கயிற்றில் கட்டி எறியும் போத்தலிலிருந்து சீனி கரைத்த தேநீரை, தோணியைத் தொடாமலே குடிக்கப் பழகியிருக்கிறேன். கடல் கடக்கும் நீச்சலில் படகைப் பிடித்தால் முயற்சி செல்லாது. உப்பு நீரில் அக்குளும் கழுத்தும் உராய்ந்து புண்ணாகாதிருக்க வஸ்லின் பூசிக்கொள்கிறேன். நேற்று நான்கு மணி நேரம் தொடர்ந்து நீந்தினேன். அடுத்த மாதம் ஆறு மணி நேரம்.