மின்னி இறகைப் பிய்த்துக்கொள்ள ஆரம்பித்தபோது

மின்னி எங்கள் வீட்டுக் கன்யூர், சின்னக் கிளி வகை. பச்சைக் கன்னம், சாம்பல் நெஞ்சு, அரக்கு நிற வால். இந்த இனத்தின் பூர்வீகம் பொலிவியா, பிரேசில் பக்கம்; இங்கே பண்ணைகளில் குஞ்சு பொரித்து விற்கிறார்கள். நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்துக்கொள்ள 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. கன்யூருக்கு அந்தத் தடை இல்லை, ஆனால் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். செய்திருக்கிறோம்.

மகன் கோவையில் கல்லூரி விடுதிக்குப் போன கொஞ்ச நாளில் கூண்டுத் தட்டில் சாம்பல் நிறச் சிறு இறகுகள் அதிகமாக விழத் தொடங்கின. உதிர்வதற்கும் பிய்ப்பதற்கும் வித்தியாசம் பார்த்தாலே தெரியும். உதிர்காலத்தில் பழசு விழ விழப் புதுசு முளைத்துக்கொண்டே இருக்கும், தோல் தெரியாது. மின்னிக்கு நெஞ்சிலும் வயிற்றிலும் வெறும் தோல் தெரிந்தது. தலையில் மட்டும் ஒரு இறகுகூடக் குறையவில்லை. அலகு எட்டாத ஒரே இடம் அதுதான். ஆகவே பிய்ப்பது அதுவேதான் என்பதில் சந்தேகம் இல்லை.

செய்தி பரவியதும் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். வேப்பெண்ணெய் தடவு, மஞ்சள் பூசு, கழுத்தில் பட்டை கட்டு, ஒரு ஜோடி வாங்கி விடு. எதையும் செய்யவில்லை. எண்ணெய் பட்டால் இறகு ஒட்டிக்கொண்டு உடம்புச் சூடு நிற்காது. கோதும்போது அந்த எண்ணெய் வயிற்றுக்கும் போகும். காரணம் தெரியாமல் இன்னொரு பறவையைக் கொண்டுவந்தால், மின்னிக்கு இருப்பது தொற்று நோயாக இருந்தால், அதற்கும் வரும். முதலில் மருத்துவர், மற்றதெல்லாம் அப்புறம் என்று முடிவு செய்தோம்.

நாயும் பூனையும் பார்க்கும் மருத்துவர்கள் ஸ்ரீரங்கத்தைச் சுற்றி நிறையப் பேர். கிளி பார்ப்பவர் கிடைக்கவில்லை. கோழிக்குப் பேர்போன நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறதே என்று முசிறி, தொட்டியம் வழியாகக் கிளம்பினோம். கூண்டை மெல்லிய துணியால் போர்த்தி, அன்று காலை விழுந்த எச்சத்தைக் காகிதத்தோடு மடித்து, வீட்டில் கொடுக்கும் தீனியில் ஒரு பிடியும் எடுத்துக்கொண்டோம். இந்த மூன்றும் ரொம்ப உதவின. எச்சத்தில் குடல் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்த்தார்கள். தோலில் செள்ளு தேடினார்கள். அலகையும் இறகையும் கெடுக்கும் வைரஸ் நோய் ஒன்று கிளி இனத்துக்கு உண்டு. அதற்கு இறகு மாதிரி எடுத்து வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினோம். முடிவு வரும்வரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எல்லாமே இல்லை என்று வந்தது.

"நோய் இல்லைன்னு தெரிஞ்சப்புறம்தான் மனசைப் பத்திப் பேசணும்," என்றார் மருத்துவர். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன தீனி? எத்தனை மணிக்குத் தூங்குகிறது? கூண்டு எதில் செய்தது? வீட்டில் புகை உண்டா? யார் தூக்குவார்கள், எங்கே தடவுவார்கள்?

தீனியைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். பாதிக்குமேல் சூரியகாந்தி விதை. கொழுப்பு அதிகம், வைட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்லை. அது குறைந்தால் தோல் வறண்டு அரிக்கும். பெல்லட்டுக்கு, அதாவது சத்துகளைக் கலந்து சின்ன உருண்டையாகச் செய்த தீனிக்கு, மாற்றச் சொன்னார், ஆனால் மெதுவாக. புதுத் தீனியை உணவென்றே அறியாமல் பட்டினி கிடக்கும் பறவைகள் உண்டு. அதனால் தினமும் காலையில், சாப்பிடுவதற்கு முன்னால், சமையலறைத் தராசில் நிறுத்திக் குறித்துக்கொண்டோம். முருங்கைக்கீரையைக் காம்போடு தொங்கவிட்டோம். வேகவைத்த சர்க்கரைவள்ளி, பூசணி, கேரட், கோவைப்பழம் கொடுத்தோம். பச்சை மிளகாயை அது கடித்துத் தின்பதைப் பார்த்து அத்தை பதறிப்போனார். பறவைக்கு மிளகாய்க் காரம் உறைக்காது என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

அத்தையிடம் இதைவிடப் பெரிய ஒன்றைக் கேட்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி. பறவையின் நுரையீரல் புகை தாங்காது. ஊதுபத்தி, கொசுவர்த்தி எல்லாம் அதே கணக்குதான். "அவ்வளவுதானே, தூபத்தைப் பின்கட்டோட நிறுத்திக்கறேன்," என்றார். சீரியலுக்காகக் கூடத்தில் பத்தரை வரை விளக்கு எரியும் வீடு எங்களுடையது. கன்யூருக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். கூண்டை உள் அறைக்கு மாற்றினோம். துத்தநாகம் பூசிய கம்பியைக் கடித்தால் அதுவே விஷம் என்பதால் கூண்டையும் எவர்சில்வரில் வாங்கினோம். செலவுதான், ஆனால் அதில் கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

தடவுவது பற்றி மருத்துவர் சொன்னது எனக்குப் புதுசு. முதுகிலும் இறக்கைக்கு அடியிலும் தடவினால் பறவைக்கு அது இணை சேரும் சைகை. உடம்பு கூடு கட்டத் தயாராகும், கட்ட வழியில்லை, எரிச்சல் இறகின்மேல் திரும்பும். அன்றிலிருந்து தலையும் கழுத்தும் மட்டும். கூண்டுக்குள் தொங்கிய துணிக் கூடாரத்தையும் அவிழ்த்துவிட்டோம், அதுவும் கூட்டை நினைவூட்டும் என்பதால்.

ஆனால் நிஜமான திருப்பம் அலகுக்கு வேலை கொடுத்ததில்தான் வந்தது. "வேலை இல்லாதவன் தலைமுடியைப் பிய்ச்சுக்கிற மாதிரிதானே இதுவும்," என்று சொல்லிக்கொண்டே அத்தை பனை ஓலையில் சின்னச் சின்னப் பெட்டி முடைந்தார். உள்ளே தினை. தினை விழுந்துவிடாமல் வாயை ஈர்க்கால் குத்தி மூடினார். முதல் பெட்டியைப் பார்த்து மின்னி கூண்டின் மறுகோடிக்கு ஓடியது. பிறகு பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வந்து, ஒரு காலால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, ஓலையின் ஓரத்தை நரம்பு நரம்பாகக் கிழித்தது. நெஞ்சில் என்ன செய்துகொண்டிருந்ததோ அதே அசைவு. பாக்கு மட்டைத் தட்டை அரை நாள் விடாமல் கடிக்கும். வழுவழு குச்சியை எடுத்துவிட்டு, பட்டையோடு கொய்யாக் கிளை வைத்தோம்; பட்டை முழுவதும் உரிந்ததும் அடுத்த கிளை. வெயில் ஏறும் நேரத்தில் மெல்லிய தூவலாகத் தண்ணீர்.

பிய்க்கும்போது அதட்டக் கூடாது, ஓடிப்போய்க் கொஞ்சவும் கூடாது என்பதுதான் எனக்கு இருந்ததிலேயே கஷ்டம். எப்படிக் கவனித்தாலும், பிய்த்தால் ஆள் வரும் என்று கற்றுக்கொள்ளும். அந்தப் பக்கம் திரும்பாமல் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன், மனசு முழுக்க அங்கேதான் இருக்கும். விளையாடும்போது போய்ப் பேசுவேன்.

சில வாரங்களில் வயிற்றில் குச்சி குச்சியாகப் புது இறகு முளைத்தது. அந்தத் தண்டுக்குள் ரத்தம் ஓடும். முறிந்தால் கசியும், அப்போது சோளமாவை வைத்து அழுத்த வேண்டும். நல்லவேளை, தேவைப்படவில்லை. மேலே இருக்கும் வெள்ளை உறையை அது அலகால் உதிர்க்க, உள்ளிருந்து இறகு விரியும். கோதுவதா பிய்ப்பதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். பெரும்பாலும் கோதியது.

தீபாவளி வெடிச் சத்தத்தில் ஒரே இரவில் நெஞ்சு மறுபடி வெறுமையானது. அழுதுவிட்டேன். மறுநாளும் ஓலைப் பெட்டி, கீரை, சீக்கிரத் தூக்கம் என்று அதே நடைமுறையைத் தொடர்ந்தோம்; இந்தத் தடவை சீக்கிரமே தேறியது. மகன் லீவில் வந்து ஊருக்குத் திரும்பும்போது கொஞ்சம் பிய்க்கும், அப்புறம் விட்டுவிடும்.

இப்போது எடை 66 கிராம். வயிறு மூடிவிட்டது. நெஞ்சு நடுவில் ஒரு ரூபாய் அளவு இடம் அப்படியே இருக்கிறது. அங்கே இறகின் வேர் கெட்டிருக்கலாம், முளைக்காமலே போகலாம் என்றார் மருத்துவர். முளைக்கட்டும், முளைக்காமல் போகட்டும், மின்னி தூங்குகிறது, தின்கிறது, கத்துகிறது. அடுத்த தீபாவளிக்காக உள் அறைச் சன்னலுக்குக் கனமான திரை தைக்கக் கொடுத்திருக்கிறோம்.