மூன்றரை மணிக்கு அப்புறம்

போன வாரம் ஒரு வேலையாக எங்கள் தெருக்கோடி பால்வாடிக்குப் போயிருந்தேன். மணி மூன்றரை தாண்டியிருந்தது. டீச்சரும் ஆயாவும் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்து, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்தில் பையை மாட்டிக்கொண்டு நாலு வயதுப் பெண் குழந்தை. அம்மா களையெடுக்கப் போயிருக்கிறார், ஐந்தரை மணி பஸ்ஸில்தான் திரும்புவார்.

"தினமும் இப்படித்தானா டீச்சர்?" என்றேன்.

"அவங்க அக்கா மூணாங்கிளாஸ் படிக்குது தம்பி. பள்ளிக்கூடம் விட்டு வந்து கூட்டிட்டுப் போயிரும்" என்றார்.

எட்டு வயதுப் பிள்ளைதான் நாலு வயதுப் பிள்ளைக்குக் காவல். பூட்டிய வீட்டு வாசலில் இரண்டும் உட்கார்ந்திருக்கும். நான் தினமும் கடக்கிற வாசல் அது.

பால்வாடி என்றால் முட்டை போடுகிற இடம் என்றுதான் இன்றைக்கும் பலருக்கு நினைப்பு. முட்டை சின்ன விஷயமில்லை. 1982இல் சத்துணவு வந்தபோதே பள்ளிப் பிள்ளைகளோடு பால்வாடிப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சோறு போட்டார்கள், அந்தச் சோற்றில் வளர்ந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் அந்த டீச்சர் கதை சொல்கிறார், பாட்டுக்கு ஆட வைக்கிறார், மணி கோர்க்கச் சொல்கிறார். இன்றைக்கு மணி கோர்க்கிற விரல்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கும், இதைப் படிப்பில்லை என்று யார் சொன்னது? எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் முடித்துவிட்டு இத்தனையும் செய்கிறவரை மாலை ஆறு வரைக்கும் இரு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அந்த இரண்டரை மணி நேரம் தெருக்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது.

எங்களால் முடியாததும் இல்லை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததற்குப் பிறகு 2021இல் இல்லம் தேடிக் கல்வி என்று அரசின் மாலை வகுப்புத் திட்டம் வந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு எங்கள் தெருவில் பி.எஸ்ஸி. முடித்த ஒரு தங்கை மாலையில் தன் வீட்டுத் திண்ணையில் வகுப்பெடுத்தார். கார்த்திகை மாதம் ஆறு மணிக்கே இருட்டிவிடும் என்று எதிர்வீட்டு அண்ணன் ஒயர் இழுத்து பல்பு போட்டுக் கொடுத்தார். கடைக்கார அக்கா வெள்ளிக்கிழமை தோறும் சுண்டல் கொடுத்தார். யாரும் கேட்டுச் செய்ததில்லை. அப்புறம் அந்தத் தங்கைக்குக் கல்யாணமாகி ஊரைவிட்டுப் போனதும் வகுப்பு நின்றது. பல்பு இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், அடுத்து யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நானும்தான். அது இப்போதும் உறுத்துகிறது.

சரி, ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் உட்கார்ந்து பேசினோம். முதலில் பிள்ளைகளை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆயாதான் வேண்டாம் என்றார், காலனிப் பிள்ளைகள் படியேறத் தயங்குவார்கள், அவர்கள் தயங்குகிற இடத்தில் எதற்கு நடத்த வேண்டும் என்றார். அவர் சொன்னது சரி. எல்லாத் தெருவுக்கும் நடுவில் இருக்கிற சமுதாயக் கூடம் என்று முடிவானது. திங்கள் முதல் வெள்ளி வரை, நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை. பால்வாடி விட்டதும் அந்த அரை மணிக்கு மட்டும் ஆயாவின் வீட்டுத் திண்ணை.

பணம் வசூலிக்க வேண்டாம் என்பது என் கட்சி. பணம் கொடுத்தால் கொடுத்ததோடு மறந்துபோகும், முறை போட்டால்தான் பிள்ளைகளின் பெயர் தெரியும். எந்த நாளும் பெரியவர்கள் இரண்டு பேர் கட்டாயம் இருக்க வேண்டும், ஒருவர் மட்டும் என்றால் அன்றைக்குக் கூடம் திறக்கக் கூடாது. எந்தப் பிள்ளையை யார் கூட்டிப்போகலாம் என்று அம்மாக்களிடம் கேட்டு நோட்டில் எழுதி வைக்கிறோம். பெரிய பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம், சின்னதுகளுக்குக் கதை, பல்லாங்குழி, ஒரு கை வேர்க்கடலை. நாலு வயதை அ, ஆ எழுதச் சொல்லி விரட்டக் கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கூடத்துக் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை, அதை அடுத்த கிராம சபையில் மனுவாகக் கொடுக்கிறோம், அதுவரை குடத்தில் பிடித்து வைக்க வேண்டியதுதான்.

வருகிற திங்கட்கிழமை தொடங்குகிறோம். வியாழக்கிழமைக்கு மட்டும் இன்னும் ஓர் ஆள் குறைகிறது. இதைப் படிக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது வர முடிந்தால் ஆயாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.