பிளேட் ஊற்றும் மெஷினும் ஒரு ரசமட்டமும்

எங்கள் லேபில் மைக்ரோபயாலஜி பிரிவு என்றால் ஒரே அறை, நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஒரு ஆட்டோக்ளேவ், கிருமி வளர்க்கும் சூட்டுப் பெட்டியான இன்குபேட்டர் இரண்டு, நானும் இன்னொரு பெண்ணும். வாரத்தில் இரண்டு நாள் மீடியா நாள், அதாவது கிருமி வளர்வதற்கான கலவை தயாரிக்கிற நாள். அன்றைக்கு அதை 200 பிளேட் (மூடி போட்ட சின்ன வட்டத் தட்டு) வரை ஊற்றியாக வேண்டும். எந்தக் கிருமிக்கு எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்று பார்க்கும் முல்லர் ஹின்டன் அகர் என்ற, ஜெல்லி போல உறையும் மீடியாதான் தலைவலி. 90 மிமீ பிளேட்டில் அது 4 மிமீ கனத்துக்கு நிற்க வேண்டும், அதாவது சுமார் 25 மில்லி. முதல் 20 பிளேட் சரியாக வரும். கை ஓய்ந்த பிறகு ஒன்று தோசை, ஒன்று ஊத்தப்பம். கனம் கூடினால் மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் சுருங்கிவிடும். கேட்கிற மருந்தையே கேட்காது என்று ரிப்போர்ட் எழுத நேரும்.

புது மெஷின் விலை நமக்குக் கட்டுப்படியாகாது. மேஜை மேல் வைக்கிற சின்னது ஒன்று, பழையதாகக் கிடைத்தது. பிளேட்டை அடுக்கி வைத்தால் மூடியைத் தூக்கி, பம்பு வைத்து ட்யூப் வழியாக அகரை ஊற்றி, மூடி அடுத்ததற்குப் போகும். அளவெடுக்காமல் வாங்கியது என் தப்பு. வடிகட்டிய சுத்தமான காற்று வீசும் எங்கள் வேலைப் பெட்டியான லாமினாரின் கண்ணாடிக்கு அடியில் நுழையவில்லை, இரண்டு விரல் உயரம் கூடுதல். வெளியே வைத்து ஓட்டிய முதல் பேட்சை அப்படியே இன்குபேட்டரில் வைத்துப் பார்த்தால், மறுநாள் பிளேட்டுக்குப் பிளேட் பூஞ்சை. ஏசி காற்று நேராக மூடி திறக்கிற இடத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மேஜையை மூலைக்கு நகர்த்தி, ஏசியை நிறுத்தி, 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்த பிறகுதான் பிளேட் சுத்தமாக வந்தது.

அடுத்தது அளவு. தண்ணீரை ஓட்டி 25 மில்லி என்று வைத்தோம். அகர் கொஞ்சம் கெட்டி என்பதால் குறைவாக விழுந்தது. தராசில் பத்துப் பிளேட்டைக் காலியாகவும் ஊற்றியும் எடை போட்டுச் சரி செய்தோம். அப்படியும் பிளேட்டின் ஒரு பக்கம் கனம், மறுபக்கம் மெலிவு. மெஷினைப் பிரித்து மேய்ந்தோம். மாடியில் பூச்சு வேலை பார்த்த கொத்தனார் எட்டிப் பார்த்து, "மேசை வாட்டமா இருக்கேம்மா" என்றார். அவருடைய ரசமட்டத்தை வைத்தால் உண்மைதான். ஒரு காலுக்கு ரப்பர் வாஷர் கொடுத்ததும் முடிந்தது.

பெரிய அடி கரண்ட்டால் வந்தது. நான் டீ குடிக்கப் போயிருந்தேன். "அக்கா, கரண்ட் போயிருச்சு, ட்யூப்ல அகர் நிக்குது" என்று என்னோடு வேலை பார்க்கிற பெண் ஓடி வந்தாள். அகருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. 40 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும், மறுபடி உருக 85 டிகிரியாவது வேண்டும். எங்கள் வாட்டர் பாத் 50 டிகிரியில் இருந்தது. அதில் அந்த ட்யூபை ஒரு மணி நேரம் போட்டு வைத்தும் அசையவில்லை. கடைசியில் ஆட்டோக்ளேவில் வைத்துத்தான் எடுத்தோம். இப்போது பம்புக்குத் தனி யூபிஎஸ். வேலையை நிறுத்துமுன் சூடான ஸ்டெரைல் தண்ணீரை ஒரு தடவை ஓட்டிவிடுகிறோம்.

முழுக் காலையும் தின்ற வேலை இப்போது ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது. பிளட் அகரை மட்டும் அதில் விடுவதில்லை. செம்மறி ஆட்டு ரத்தம் கலந்து ஓட்டினால் பிளேட் முழுக்க நுரை. அந்த 40 பிளேட் இன்னும் கையால்தான், அதை அவள் என்னைவிட நன்றாக ஊற்றுகிறாள்.