மரவுரி மேலங்கி: நான்கு மாதக் குறிப்பு

மரவுரி என்றதும் நமக்கு நினைவு வருவது காட்டுக்குப் போகும் இளவரசர்கள்தான். பட்டாடையைக் களைந்துவிட்டு மரப்பட்டையை உடுத்துவது என்றால் எல்லாவற்றையும் துறந்துவிட்டதாக அர்த்தம். நான் இப்போது வசிக்கும் கனடாவின் வான்கூவர் தீவில், இதன் வடபகுதிக் கரையோர மக்களுக்கு அது ஒரு காலத்தில் அன்றாட உடை. ஓயாத மழைக்கும் கடற்காற்றுக்கும் நடுவே சீடர் எனப்படும் மரங்களின் உள்பட்டையைத்தான் மேலங்கியாகவும் போர்வையாகவும் பாவாடையாகவும் நெய்து உடுத்தினார்கள்.

பழைய நூல்களில் இவர்களுக்கு ‘குவாகியூட்ல்’ என்று பெயர். அது ஃபோர்ட் ரூபர்ட் ஊரைச் சேர்ந்த ஒரு பிரிவின் பெயர் மட்டுமே. குவாக்வலா மொழி பேசுகிற எல்லாரையும் சேர்த்துச் சொல்ல ‘குவாக்வாக்கியவாக்வ்’ என்பதே சரி. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மூத்த நெசவுக்காரர் ஒருவரிடம் பிப்ரவரி முதல் கற்றுவருகிறேன். தோள்மேல் போட்டுக்கொள்ளும் சாதாரண மழை மேலங்கி ஒன்றை முடிக்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

பிப்ரவரி

சிவப்பு சீடர் உள்பட்டை இரண்டு கட்டு ஆசிரியையிடமே விலைக்கு வாங்கினேன். மூன்று விரல் அகலம், என் உயரத்தைப் போல இரண்டு மடங்கு நீளம். போன கோடையில் உரித்துக் காயவைத்தது. கையில் எடுத்தால் பழைய பெல்ட் மாதிரி விறைப்பாக இருக்கிறது. மணம் மட்டும் அபாரம், பென்சில் சீவும்போது வருமே, அதைவிடக் கொஞ்சம் இனிப்பாக.

இதை நாராக்குவதற்கு அந்தக் காலத்தில் திமிங்கில எலும்பில் செய்த வெட்டுக்கருவி இருந்தது. பட்டையை ஒரு பலகையின் விளிம்பில் கிடத்தி, அந்தக் கருவியால் விளிம்பை ஒட்டித் தட்டத் தட்ட, பட்டை நெடுக்காகப் பிளந்து மெத்தென்ற நாராகும். என்னிடம் இருப்பது மேப்பிள் மரத்தில் செய்த கொட்டாப்புளி. முதல் நாள் வேகம் காட்டிவிட்டேன். காய்ந்த பட்டையை அப்படியே போட்டு அடித்ததில் நார் குறுக்கே ஒடிந்து, அரைக் கட்டு வெறும் பஞ்சுத் தூளாகப் போயிற்று. கூடத்தையே பெருக்க வேண்டியிருந்தது. அந்தத் தூளையும் எறியவிடவில்லை ஆசிரியை. குழந்தைக்குத் தொட்டிலில் பரப்பவும், ஈரம் துடைக்கவும் இப்படிப்பட்ட மென்நார்தான் பயன்பட்டதாம். அடுத்த தடவை நனைக்கச் சொன்னார்.

மார்ச்

நனைத்தேன். நனைத்து பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். நான்கு நாள் கழித்து வந்து பிரித்தால் கரும்புள்ளியாகப் பூசணம். ஏழெட்டு நாரைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. இப்போது அன்றைக்கு வேண்டியதை மட்டும் வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

அடியின் கணக்கு கைக்குப் பிடிபட மூன்று வாரம் ஆயிற்று. ஓங்கி அடிக்கக் கூடாது. ஒரே இடத்தில் இரண்டு அடிக்குமேல் விழவும் கூடாது. பட்டையை இடக்கை விரல்கடை அளவு நகர்த்திக்கொண்டே இருக்க, வலக்கை தாளம் மாறாமல் இறங்க வேண்டும். சரியாக விழும் அடிக்கு ‘டக்’ என்ற சத்தம் மாறி ‘தொப்’ என்று கேட்கிறது. அப்போது பட்டையைத் திருப்பிப் பார்த்தால் அடுக்கடுக்காக விட்டிருக்கும். நல்ல போர்வைகளுக்கு உயர்ந்த மலைச்சரிவில் வளரும் மஞ்சள் சீடர் பட்டையை எடுத்தார்கள். அதை நீரில் ஊறவைத்து, வரிவரியாகப் பள்ளம் வெட்டிய எலும்புக் கொட்டானால் அடித்தார்கள். ஆசிரியையிடம் உள்ள ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்தேன். பலமுறை துவைத்த கைத்தறித் துண்டு போல இருந்தது. நெசவில் எவ்வளவு திறமை இருந்தாலும் அந்த மென்மை வராது. அது முழுக்க அடியிலிருந்து வருவது.

ஏப்ரல்

தறி என்று பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு கம்புகளுக்கு நடுவே ஒரு கயிறு. அதில் பாவு நார்களை, அதாவது நெடுக்கு இழைகளை, மடித்துத் தொங்கவிட வேண்டும், கீழ்முனை கட்டாமல் ஆடிக்கொண்டிருக்கும். குறுக்கே போகும் ஊடை ஒன்றல்ல, இரண்டு. ஒன்று பாவுக்கு முன்னால், ஒன்று பின்னால் போக, ஒவ்வொரு பாவு தாண்டியதும் இரண்டையும் அரை முறுக்கு முறுக்கி இடம் மாற்ற வேண்டும். நம் ஊரில் பூக்கட்டுகிறவர்கள் கைவேகம் எனக்கு இருந்தால் நன்றாக இருக்கும். ஒரு வரிசைக்கு எனக்கு 50 நிமிடம். வரிசைக்கு வரிசை இரண்டு விரல் இடைவெளி விடுகிறேன்.

முதல் ஆறு வரிசையை அவிழ்த்தேன். முறுக்கு வழியில் எங்கோ திசை மாறி, துணி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அடுத்தது, தோளிலிருந்து கீழே விரிய வேண்டுமே, அதற்கு வரிசைகளுக்கு இடையில் புதுப் பாவு சேர்க்க வேண்டும். ஒரே வரிசையில் பத்து சேர்த்தால் கொசுவம் மாதிரி புடைக்கிறது. மூன்று வரிசையில் பரப்பிச் சேர்த்ததும் படிந்தது.

மே

மேலங்கி முழங்கை வரை வந்திருக்கிறது. கழுத்தில் போட்டுப் பார்த்ததும் ஒரு விஷயம் புரிந்தது. கீழே எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் கழுத்து விளிம்பில் நார்முனை அராவுகிறது, பத்து நிமிடத்தில் தோல் சிவந்துவிட்டது. பழைய நல்ல போர்வைகளின் விளிம்பில் கடல் நீர்நாயின் ரோமத்தை வைத்துத் தைத்திருப்பது அழகுக்கு என்றே அதுவரை நினைத்திருந்தேன். நான் பழைய கம்பளித் துணியை மடித்துத் தைத்தேன், அராவல் நின்றது.

அதைப் போட்டுக்கொண்டு தூறலில் கடற்கரைக்குப் போனேன். நீர் நார்வழியே வழிந்து நுனியில் சொட்டியது, 15 நிமிடம் வரை உள்ளே சட்டை நனையவில்லை. பிறகு பட்டை நீர் குடித்துக் கனக்கத் தொடங்கியது. காலணி பற்றியும் அன்றைக்கே தெளிந்தது. இந்த மக்கள் பெரும்பாலும் வெறுங்காலோடுதான் நடந்தார்கள். தொடக்கத்தில் எனக்கு நம்பவே முடியவில்லை, இந்தக் குளிரில் எப்படி என்று. படகை விட்டு இறங்கினால் முழங்கால் தண்ணீர், ஏறினால் மறுபடி தண்ணீர். நனைந்த என் பூட்ஸ் காய இரண்டு நாளாயிற்று, காலைத் துடைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

என்ன செய்யக் கூடாது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஆல்டர் மரப்பட்டையில் சிவப்புச் சாயமேற்றிய பட்டை வளையங்கள் குளிர்காலச் சடங்குக்கு உரியவை. கருநீலக் கம்பளியில் சிவப்புக் கரையும் சிப்பிப் பொத்தானும் தைத்த போர்வையில் வருவது குடும்பச் சின்னம். இரண்டையும் நான் தொடமாட்டேன். 1885 முதல் 1951 வரை கனடா அரசு இவர்களுடைய பாட்லாச் என்னும் பரிசு வழங்கும் விழாவைச் சட்டம்போட்டுத் தடுத்திருந்தது. 1921-இல் வில்லேஜ் தீவில் விழா நடத்தியதற்காகப் பலரைச் சிறைக்கு அனுப்பி, முகமூடிகளையும் சடங்குப் பொருட்களையும் பறித்துக்கொண்டது. திரும்பி வந்தவற்றில் ஒரு பகுதியை அலர்ட் பே ஊரில் 1980-இல் திறந்த உமிஸ்தா பண்பாட்டு மையத்தில் பார்த்தேன். அங்கே நின்றவருக்கு அதில் ஒன்றைப் பொழுதுபோக்குக்காகச் செய்து பார்க்க மனம் வராது.

ஜூன், முதல் வாரம்

இன்னும் ஒன்பது வரிசை பாக்கி, நாரும் தீர்ந்துவிட்டது. சாறு ஏறும் பருவம் இது. பட்டை உரிக்கக் கூட வரச் சொல்லியிருக்கிறார் ஆசிரியை. அடியில் குறுக்கே வெட்டி, நெம்பி, இழுத்துக்கொண்டே பின்னால் நடக்க வேண்டுமாம். உயரப் போகப் போகப் பட்டை குறுகித் தானே அறுந்து விழும். ஒரு மரத்தில் இரண்டு கை அகலத்துக்குமேல் எடுப்பதில்லை, மரம் பிழைக்க வேண்டும். எடுக்கும் முன் மரத்தோடு பேச வேண்டும், அதை அவரே செய்வார், நான் பின்னால் நிற்க வேண்டும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம்.