ரிவால்வருக்குச் சாட்சி இருந்தது, பெட்டிக்கு இல்லை

ஓஹாயோவில் ஒரு பழந்துப்பாக்கிச் சந்தையில்தான் அதைப் பார்த்தேன். வால்நட் மரப் பெட்டி, உள்ளே கருஞ்சிவப்பு வெல்வெட், நடுவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனத்தின் நியூ மாடல் நம்பர் 3 டார்கெட் ரிவால்வர், அதாவது இலக்கு வைத்துச் சுடுவதற்கான வகை. பக்கத்தில் ஈயக்குண்டு வார்க்கும் அச்சும் ஓர் எண்ணெய்க் குப்பியும். விற்பவர் வயதானவர், நல்ல மனிதர். "ஃபாக்டரியிலிருந்தே இப்படித்தான் வந்தது" என்றார். பெட்டியோடு கேட்ட விலை, வெறும் ரிவால்வரின் விலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. முன்பணம் கொடுத்துவிட்டு, விசாரித்த பிறகு மீதி என்று பேசிக்கொண்டோம்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 1898-லோ அதற்கு முன்போ செய்யப்பட்டது பழம்பொருள். மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இந்த டார்கெட் வகை 1887-இல் வந்தது, .32-44, .38-44 என்று இரண்டு தோட்டா அளவுகளில்.

முதலில் எண்களைச் சரிபார்த்தேன். பிடியின் அடியில் உள்ள வரிசை எண், சிலிண்டரின் பின்முகத்திலும் குழலிலும் அப்படியே இருந்தது. வலப்பக்கப் பிடிக்கட்டையைக் கழற்றினால் உட்புறத்திலும் அதே எண். திருகுத் தலைகள் சிதையவில்லை. பின்பக்கக் குறிபார்க்கும் பாகமும் நகர்த்திச் சரிசெய்யக்கூடிய அசல் டார்கெட் வகைதான்.

அப்புறம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளைக்குப் படங்களையும் எண்ணையும் அனுப்பிக் கட்டணம் கட்டினேன். பழைய கணக்குப் புத்தகங்களைப் பார்த்து அவர்கள் ஒரு கடிதம் தருவார்கள். அதில் இருப்பது ஆலையை விட்டுப் போன தேதி, செய்த தேதி அல்ல. பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

காத்திருந்த நேரத்தில் பெட்டியை ஆராய்ந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு இதில்தான் ருசி. நூறு வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் கிடந்த இரும்பு, துணியில் தன் தடத்தை அழுத்தமாகப் பதித்திருக்க வேண்டும். சிலிண்டர் பட்ட இடத்தில் எண்ணெய்க் கறை ஊறியிருக்க வேண்டும். இங்கே வெல்வெட் ஒரே சீராக, புதுப் பட்டுப்பாவாடை போல இருந்தது. இருட்டறையில் புறஊதா விளக்கை அடித்தேன். துணியின் ஓரத் தையல்நூல் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. இப்படி ஒளிரவைக்கும் வெண்மையூட்டிகள் இருபதாம் நூற்றாண்டில் வந்தவை. நூலை மட்டும் பின்னாளில் மாற்றியிருக்கலாமே என்று வாதாடலாம். ஆனால் மூடியின் கீல் திருகுகளும் நட்சத்திரத் தலை கொண்ட நவீன திருகுகள்!

அச்சு இன்னும் வேடிக்கை. அதன்மேல் 44 என்று வெட்டியிருந்ததால் பொருத்தம் என்று பெரியவர் நம்பியிருந்தார். ஆனால் இந்த ரிவால்வர் .32-44. அப்படியென்றால் .44 ரிவால்வரின் உடலில் .32 குழல். அச்சின் குழியைக் காலிப்பரால் அளந்தேன், 0.43 அங்குலம். .44 ரஷ்யன் என்ற வேறொரு தோட்டாவுக்கான அச்சு அது. இந்த ரிவால்வரின் தோட்டாவோ வித்தியாசமானது. பித்தளைக் கூடு சிலிண்டரின் நீளத்துக்கே போகும், ஈயக்குண்டு முழுதும் கூட்டுக்குள் அடங்கியிருக்கும். அந்த அச்சில் வார்த்த குண்டு அதற்குள் நுழையவே நுழையாது.

கடிதம் வந்தது. .32-44, ஆறரை அங்குலக் குழல், நீலப்பூச்சு, 1889-இல் நியூயார்க்கின் எம். டபிள்யூ. ராபின்சனுக்கு அனுப்பப்பட்டது. ராபின்சன், ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பெரிய மொத்த விநியோகஸ்தர். அதனால் கடைசியில் வாங்கிச் சுட்டவர் யார் என்று அந்த ஏடு சொல்லாது. பெட்டியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கடிதத்தையும் விளக்கையும் பெரியவரிடமே காட்டினேன். கொஞ்ச நேரம் முகம் சுளித்தார், பிறகு "சரி, ரிவால்வரை மட்டும் எடுத்துக்கொள்" என்றார். பெட்டி அவரிடமே இருக்கிறது. அச்சை மட்டும் .44 ரஷ்யன் வைத்திருக்கும் என் நண்பர் ஒருவர் வாங்கிக்கொண்டார். எனக்கு இப்போது .32-க்கான அச்சு வேண்டும், தேடிக்கொண்டிருக்கிறேன்.