அம்மாவுக்கு போனில் எடுத்த டிக்கெட்

குரோம்பேட்டையில் குடியிருந்துகொண்டு எழும்பூருக்கு தினமும் மின்சார ரயிலில் போய் வருகிறவன் நான். எழும்பூர் - தாம்பரம் தடத்தில் 2015 ஏப்ரலில் காகிதம் இல்லாத டிக்கெட் வந்ததில் இருந்தே போன்தான். அதற்கு முன்பெல்லாம் திங்கட்கிழமை காலையில் கவுன்ட்டர் வரிசை படிக்கட்டு வரைக்கும் வந்து நிற்கும், கண் முன்னாலேயே ரெண்டு வண்டி போய்விடும், சில்லறை இல்லை என்று உள்ளே சண்டை நடக்கும். அதெல்லாம் போயே போய்விட்டது. வீட்டில் ஷூ மாட்டும்போதே டிக்கெட் எடுத்துவிட்டுக் கிளம்பலாம், சீசனும் போனிலேயே எடுக்கலாம் (புதுசாக எடுத்தால் மறுநாளில் இருந்துதான் செல்லும், அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்). ஆப்பில் இருக்கும் ஆர்-வாலட்டில் (ரயில்வேயின் பணப்பை) பணம் போட்டு வைத்தால் 3 சதவீதம் கூடக் கிடைக்கிறது.

இதில் எனக்கு ரெண்டே ரெண்டு தொல்லைதான். ஸ்டேஷனுக்குள் நுழைந்தபிறகு டிக்கெட் எடுக்க முயன்றால் எடுக்க விடாது, சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால்தான் உண்டு. என் பழைய போனில் ஜிபிஎஸ் சரியாக வேலை செய்யாததால் ஜிஎஸ்டி ரோட்டில் நிற்கும்போதே ஸ்டேஷனுக்குள் நிற்பதாகக் காட்டும். டீக்கடை வரைக்கும் திரும்ப நடந்துபோய் எடுத்துக்கொண்டு ஓடி வந்த நாட்கள் உண்டு. அப்புறம் சார்ஜ். டிக்கெட்டை ஆப்பில் திறந்து காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது, போன் அணைந்துவிட்டால் டிக்கெட் இல்லாத பயணிதான். அதனால் பையில் எப்போதும் பவர் பேங்க் வைத்திருப்பேன்.

இவ்வளவு பழகினவன் என்பதால்தான் அம்மாவை ஊரில் இருந்து அழைத்துவரும் வேலையையும் போனிலேயே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அம்மாவுக்கு 67 வயது. கோவில்பட்டி பக்கத்தில் கிராமம். கண் ஆபரேஷன் முடிந்து மறுபரிசோதனைக்கு சென்னை வர வேண்டும். அப்பா இருந்தவரை டிக்கெட் எடுப்பது அவர் வேலை. முதல் பஸ்ஸைப் பிடித்து கோவில்பட்டி ஸ்டேஷனுக்குப் போய், ஃபாரத்தில் பெயர், வயது, வண்டி நம்பர் எல்லாம் எழுதிக்கொடுத்து, கையில் டிக்கெட்டோடு மத்தியானம் வீடு வந்து சேருவார். முழுசாக ஒரு நாள் போய்விடும். நான் ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்தபடி ரெண்டு நிமிஷத்தில் நெல்லை எக்ஸ்பிரஸ்ஸில் ஸ்லீப்பர் போட்டேன். யூபிஐயில் கட்டினால் அதற்கென்று தனியாக 10 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அப்பா பஸ்ஸுக்குக் கொடுத்த காசை விடக் குறைவு. ஆனால் கிடைத்தது வெயிட்டிங் லிஸ்ட் 9.

ஒன்பதுதானே, ஏறிவிடும் என்று விட்டுவிட்டேன். தினமும் பார்த்தேன், ஏழு ஆனது, நாலு ஆனது, கிளம்புகிற நாள் காலையில் ரெண்டு. மத்தியானம் சாப்பிட உட்காரும்போது மெசேஜ் வந்தது, சார்ட் (யாருக்கு எந்த இடம் என்ற கடைசிப் பட்டியல்) போட்டாயிற்று, இன்னும் வெயிட்டிங் ரெண்டுதான். அத்தோடு டிக்கெட் தானாகவே ரத்து, 60 ரூபாய் கழித்துக்கொண்டு மீதிப் பணம் திரும்பி வரும். கவுன்ட்டரில் எடுத்த வெயிட்டிங் டிக்கெட் என்றால் சார்ட் போட்ட பிறகும் அது கையில் இருக்கும், வேறு வழி இல்லாதவர்கள் அதை வைத்துக்கொண்டு முன்பதிவு இல்லாத பெட்டியிலாவது ஏறிப் போவார்கள். ஆன்லைன் வெயிட்டிங் டிக்கெட்டுக்கு அந்த உயிர் கிடையாது. எதிலும் ஏற முடியாது. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும், தெரிந்திருந்தும் அம்மா விஷயத்தில் அதை யோசிக்கவில்லை. பொதுப் பெட்டியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வருகிற உடம்பு அம்மாவுக்கு இல்லைதான். ஆனால் எங்கள் தெருவில் அப்படி வந்துபோகிறவர்கள் நிறைய பேர், அவர்களுக்குப் பிள்ளைகள் போனில் டிக்கெட் போட்டுக்கொடுக்கும்போது இது யாருக்கும் சொல்லப்படுவதே இல்லை.

அம்மாவிடம் பட்டன் போன்தான். மெசேஜ் வந்தது எனக்கு. கூப்பிட்டபோது சீடைக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள், பையெல்லாம் கட்டி வாசலில் வைத்தாயிற்று. "ஏய்யா, பணம் கட்டித்தானே டிக்கெட்டு எடுத்த, அதெப்படி இல்லன்னு ஆகும்?" என்று கேட்டாள். சொல்லிப் புரியவைக்கத் தெரியாமல் நாளைக்குப் போடுகிறேன் அம்மா என்று மட்டும் சொன்னேன்.

நாளைக்குப் போட முடியவில்லை. மறுநாள் வண்டிக்கான தட்கல், அதாவது முந்தின நாள் திறக்கும் அவசர முன்பதிவு, அன்று காலை 11 மணிக்கே திறந்து முடிந்துவிட்டது (ஏசிக்கு 10, ஸ்லீப்பருக்கு 11). அதனால் மறுநாள் காலை 11 மணிக்கு, அதற்கடுத்த நாள் வண்டிக்கு. ஆஸ்பத்திரியில் தேதியைத் தள்ளிவைத்தோம்.

தட்கலுக்கு 2025 ஜூலையில் இருந்து ஆன்லைன் கணக்கை ஆதாரோடு இணைத்திருக்க வேண்டும், புக் செய்யும்போது ஆதாரில் இருக்கிற நம்பருக்கு ஓடிபியும் வரும். என் மனைவியின் ஆதாரில் இருந்தது அவள் எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பர். நல்லவேளை, போன மாதம்தான் மாற்றியிருந்தாள். ராத்திரியே ரெண்டு பேர் கணக்கிலும் அம்மாவின் பெயர், வயது எல்லாம் பயணிகள் பட்டியலில் சேர்த்துவைத்தோம், 11 மணிக்கு மேல் பெயர் தட்டிக்கொண்டிருந்தால் ஒன்றும் கிடைக்காது. நான் நெல்லை எக்ஸ்பிரஸ்ஸில், அவள் முத்துநகர் எக்ஸ்பிரஸ்ஸில் முயற்சி செய்வது என்று பிரித்துக்கொண்டோம். ரெண்டும் கோவில்பட்டியில் நிற்கும், தாம்பரத்திலும் நிற்கும்.

மணி 11. வண்டியைத் தொட்டேன், பட்டியலில் இருந்து அம்மா பெயர், கோணல்மாணலான காப்சா எழுத்துகள், ஓடிபி, யூபிஐ பின். எல்லாம் ஒன்றரை நிமிஷம்தான் ஆகியிருக்கும். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பணம் எடுக்கப்பட்டதாக வங்கியில் இருந்து மெசேஜ் வந்தது, டிக்கெட் வரவில்லை. கை நடுங்கியது என்று சொன்னால் மிகையில்லை. அந்த நேரத்தில் பதறி மறுபடி பணம் கட்டிவிடக்கூடாது, முதலில் ஆப்பில் நம் புக்கிங் பட்டியலில் டிக்கெட் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தேன், இல்லை. மறுபடி உள்ளே போனபோது தட்கலும் வெயிட்டிங்கில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் மனைவி ஹாலில் இருந்து "கிடைச்சிருச்சு, எஸ்7, பதினெட்டு" என்று கத்தினாள். என் பணம் நாலாவது நாள் திரும்பி வந்தது. எனக்கு நாலு நாள் பொறுக்க முடியும். கையில் இருக்கிறதே அந்தப் பணம்தான் என்கிறவர் அடுத்த டிக்கெட்டுக்கு என்ன செய்வார் என்று அந்த நாலு நாளும் தோன்றிக்கொண்டே இருந்தது.

புக் செய்யும்போது பயணியின் நம்பர் கேட்கும் இடத்தில் அம்மாவின் நம்பரைக் கொடுத்திருந்தோம், அதனால் மெசேஜ் அவளுக்கும் போனது. ஆனால் முழுக்க ஆங்கிலத்தில். போனில் சொல்லச்சொல்ல நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். "எஸ்ஸுன்னா பாம்பு மாதிரி வளைஞ்ச எழுத்துதானே?" என்று கேட்டு வரைந்து, பக்கத்தில் 7, கீழே 18. ஆதார் அட்டை அசலை மறக்காமல் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "கையில டிக்கெட்டு இல்லாம எப்படியா ஏற? ஏறவிடலன்னா?" ராத்திரி வரை நாலு தடவை கூப்பிட்டாள். டிடிஆர் கையில் வைத்திருந்த கருவியில் பெயரைப் பார்த்து, ஆதாரைப் பார்த்து, சரிம்மா என்று போய்விட்டாராம். பதினெட்டு நடுப் படுக்கை, தட்கலில் கீழ்ப் படுக்கை கேட்டாலும் உறுதி கிடையாது. பதினேழில் இருந்த கல்லூரிப் பெண் தன் படுக்கையைக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

திரும்பிப் போக டிக்கெட்டை அவசரமில்லாமல் எடுத்தேன். இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது, காலை 8 மணிக்கு. கோட்டா கேட்கும் இடத்தில் பொது என்பதை மாற்றி மூத்த குடிமக்களுக்கான கீழ்ப் படுக்கைக் கோட்டாவைப் போட்டால், 60 வயது தாண்டிய ஆண்களுக்கும் 45 தாண்டிய பெண்களுக்கும், தனியாகவோ ரெண்டு பேராகவோ போனால், அதில் இடம் இருக்கும்வரை கீழ்ப் படுக்கையே வரும். 2020 மார்ச்சில் நிறுத்திய மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை இன்னும் திரும்பவில்லை. அம்மாவைப் போன்றவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எஸ்3, 12 கிடைத்தது, கன்ஃபர்ம்.

தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அதைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். பெயர், தேதி, பெட்டி, படுக்கை நாலையும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் தமிழில் எழுதினேன். அம்மா அதை விரித்து வைத்து ஒவ்வொரு வட்டத்தையும் விரலால் தொட்டு வாய்விட்டுப் படித்தாள். அப்புறம் நாலாக மடித்து, ஆதார் அட்டை இருக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தத் தடவை தாம்பரத்தில் வண்டி ஏறும்வரை டிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.